எச்சில் பட்டை சிவந்தால் நைட்ரிக் ஆக்சைடு அளந்தாகிவிட்டதா?

செம்பனைக்காரன்
ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். நான் மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம். இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் நேரடி விற்பனைக் கூட்டம் நடந்தது. இலவசப் பரிசோதனை என்று சொன்னதால் பழைய தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர் போனார்கள், அப்பாவும் போனார். நாக்கில் ஒரு காகிதப் பட்டையை வைக்கச் சொன்னார்களாம். சிலருக்கு ரோஸ் நிறத்துக்கு மாறியது, அப்பாவுக்கு வெள்ளையாகவே இருந்தது. உடனே, "ஐயா, உங்கள் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு தீர்ந்துவிட்டது, ரத்தக் குழாய் இறுகிக்கொண்டே போகிறது" என்று சொல்லி ஒரு பொடி டின்னைக் கையில் கொடுத்துவிட்டார்கள். 190 வெள்ளி (ரிங்கிட்). அப்பா மூன்று வாங்கிவிட்டார்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முன்பு அட்டாக் வந்து ஈப்போவில் ஸ்டென்ட் வைத்தோம். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். டின்னில் முதல் பொருள் ஆர்ஜினின், அடுத்தது பீட்ரூட் என்று போட்டிருக்கிறது. இன்னும் திறக்கவில்லை.

இந்தப் பட்டை உண்மையிலேயே எதை அளக்கிறது? நைட்ரிக் ஆக்சைடை அளக்க வேறு சரியான வழி இருக்கிறதா? ஐசோடோப்பு வைத்து அளப்பார்கள் என்று எங்கோ படித்தேன், ஒன்றும் புரியவில்லை.

கோப்பிக்கடை_மணி
ஞாயிறு, இரவு 9:58

எங்கள் பக்கமும் வந்தார்கள் லா. போன தடவை காந்த மெத்தை, அதற்கு முன்னால் காலில் ஒட்டினால் கறுப்பாகும் பிளாஸ்தர், இப்போது எச்சில். நான் தே தாரிக் குடித்த வாயோடு போய் வைத்தேன், லேசாகச் சிவந்தது. "நல்லா இருக்கீங்க, இதையே காப்பாத்த மாசம் ஒரு டின்" என்றார் அந்தத் தம்பி. சிவந்தாலும் டின், சிவக்காவிட்டாலும் டின்.

லேப்_அக்கா
ஞாயிறு, இரவு 10:25

தம்பி செம்பனைக்காரன், நைட்ரிக் ஆக்சைடு என்பது ரத்தக் குழாயைத் தளர்த்த உடம்பே செய்யும் வாயு. அந்தப் பட்டை அதைத் தொடுவதே இல்லை. அது நைட்ரைட் என்ற உப்பைக் காட்டும் பட்டை. பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்தவர், 1879இல் எழுதிவைத்த வினை. நைட்ரைட் இருந்தால் ரோஸ் நிறச் சாயம் உருவாகும். நாங்கள் லேப்பில் தினமும் சிறுநீரில் முக்கி எடுக்கும் பட்டையிலும் இதே கட்டம் இருக்கிறது. அங்கே அது சிவந்தால் கிருமித் தொற்று இருக்கலாம் என்று பார்ப்போம், யாருக்கும் வாழ்த்துச் சொல்ல மாட்டோம்.

எச்சிலில் நைட்ரைட் எப்படி வருகிறது? கீரை, பீட்ரூட், சாவிக் கீரை, முள்ளங்கி இவற்றில் நைட்ரேட் நிறைய. சாப்பிட்டதும் ரத்தத்துக்குப் போகிறது. ரத்தத்தில் இருப்பதில் கால்வாசியை எச்சில் சுரப்பிகள் இழுத்து வாய்க்குள் திரும்பக் கொண்டுவருகின்றன. நாக்கின் பின்பக்கம் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். பட்டை காட்டுவது இந்த நைட்ரைட்டைத்தான். மத்தியானம் பாயாம் கீரைக் கூட்டு சாப்பிட்டவருக்குச் சிவக்கும். காலையில் வெறும் ரொட்டியும் கோப்பியும் குடித்து வந்தவருக்கு வெளுத்துப்போய் நிற்கும். கிருமிநாசினி போட்டு வாய் கொப்பளித்திருந்தால், என்ன சாப்பிட்டிருந்தாலும் சரி, அநேகமாக வெள்ளைதான், ஏனென்றால் பாக்டீரியா செத்துவிட்டது.

அப்பா பல் செட் போட்டிருக்கிறாரா? வாய் கொப்பளிக்கும் மருந்து பயன்படுத்துகிறாரா?

செம்பனைக்காரன்
ஞாயிறு, இரவு 10:31

இரண்டும் உண்டு அக்கா. தினமும் காலையில் கொப்பளிப்பார்.

ஆரோக்கியம்_அறுபது
திங்கள், காலை 7:15

நான் இந்தத் துறையில் பல வருடம் இருப்பவன். தெரியாமல் பேசக் கூடாது. நைட்ரிக் ஆக்சைடுக்கு 1998இல் நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள். மண்டபத்தில் ஒரு பாட்டிக்கு வெள்ளையாக இருந்தது, எங்கள் பானத்தைக் குடித்து ஒரு மணி நேரம் கழித்து அதே பட்டை ரத்தச் சிவப்பு. எல்லார் கண் முன்னாலும் நடந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

லேப்_அக்கா
திங்கள், காலை 8:02

பானத்தில் பீட்ரூட் இருக்கிறது. பீட்ரூட்டில் நைட்ரேட் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எச்சிலுக்கு வந்துவிட்டது. 3 வெள்ளிக்கு ஒரு கட்டு பாயாம் வாங்கி ஆக்கிக் கொடுத்திருந்தாலும் பாட்டிக்குச் சிவந்திருக்கும்.

நோபல் பரிசு கிடைத்தது ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும், ரத்தக் குழாய்க்குச் செய்தி சொல்லும் மூலக்கூறு இது என்று காட்டியதற்காக. அதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. எச்சில் பட்டைக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை.

மூணாம்_லயம்
திங்கள், இரவு 8:47

நல்ல இழை. நான் பேராக்கில் பால்மரத் தோட்டத்தில் பிறந்தவன், இப்போது கோலாலம்பூரில் ஓர் ஆய்வகத்தில், மூலக்கூறுகளை எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இயந்திரத்தை ஓட்டுகிறேன். ஐசோடோப்பு பற்றிக் கேட்டதால் வந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம். நைட்ரிக் ஆக்சைடு ஒரு வாயு. உடம்பின் திசுவில் சில நொடிதான் தங்கும். ரத்தத்தில் சிவப்பணுவைத் தொட்டால் நொடியில் மிகச் சிறிய பங்குக்குள் நைட்ரேட்டாகிவிடும். ஊசி போட்டு ரத்தம் எடுத்து லேப்புக்குக் கொண்டுபோவதற்குள் அது இருக்காது. அதனால் எல்லா முறையுமே அது விட்டுப்போன தடத்தைத்தான் எண்ணுகின்றன. கடைசித் தடம் சிறுநீரில் போகும் நைட்ரேட்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தடத்தை மனிதர்கள் முதலில் பார்த்தபோது நைட்ரிக் ஆக்சைடைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை. 1916லேயே மிட்செல் குழுவினர், சாப்பாட்டில் போகும் நைட்ரேட்டைவிடச் சிறுநீரில் அதிகம் வருகிறது என்று எழுதினார்கள். அறுபது வருடத்துக்கு மேல் அது ஒரு மூலையில் கிடந்தது. 1970களின் கடைசியில், உப்பிட்ட இறைச்சியில் இருக்கும் நைட்ரைட் புற்றுநோய் தருமா என்ற பயத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டானென்பாம் குழு மறுபடியும் கணக்கெடுத்தது. ஆட்களுக்கு நைட்ரேட் குறைந்த சாப்பாடு கொடுத்து, சிறுநீரை முழுக்கப் பிடித்து அளந்தால், போட்டதைவிட வந்தது அதிகம். குடல் பாக்டீரியாவின் வேலை என்று முதலில் நினைத்தார்கள். பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளும் அதே மாதிரி நைட்ரேட்டை வெளியேற்றின. அப்படியென்றால் உடம்பே செய்கிறது.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். ஆய்வில் இருந்த ஒருவருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தது. வழக்கமாக இப்படிப்பட்டவரின் கணக்கைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். இவர்கள் எறியவில்லை. அவருடைய நைட்ரேட் மட்டும் எகிறியிருந்தது. 1983இல் எலிகளுக்குக் கிருமி நஞ்சைக் கொடுத்து, கூடவே நைட்ரஜன்-15 (எடை கூடிய நைட்ரஜன் ஐசோடோப்பு, அதுதான் குறி) போட்ட அம்மோனியாவையும் கொடுத்துப் பார்த்தார்கள். குறியிட்ட நைட்ரேட் சிறுநீரில் கூடியது. அடுத்து, கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள்தான் இதைச் செய்கின்றன, மூலப்பொருள் ஆர்ஜினின் என்று தெரிந்தது. அதே சமயம் வேறொரு பக்கத்தில், ரத்தக் குழாயைத் தளர்த்தும் மர்மப் பொருளைத் தேடிக்கொண்டிருந்தவர்கள், அது நைட்ரிக் ஆக்சைடுதான் என்று 1987இல் சொன்னார்கள். இரண்டு கூட்டமும் ஒரே வாயுவின் முன்னால் வந்து நின்றன.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன், ஷிஃப்ட் இருக்கிறது.

வாத்தியார்_ஓய்வு
திங்கள், இரவு 9:30

தம்பி, அருமையாகப் போகிறது. ஒரு சந்தேகம். ஐசோடோப்பு என்றால் கதிர்வீச்சுதானே? புக்கிட் மேரா தொழிற்சாலையின் கதிரியக்கக் கழிவு விவகாரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்த தலைமுறை நாங்கள். அதை மனிதனுக்குக் கொடுத்து அளக்கிறார்கள் என்றால் வயிறு கலங்குகிறது.

மூணாம்_லயம்
செவ்வாய், இரவு 8:20

சார், நியாயமான பயம், ஆனால் இது வேறு. நைட்ரஜன்-15 நிலையான ஐசோடோப்பு. அது சிதையாது, கதிர் விடாது. சாதாரண நைட்ரஜனைவிட ஒரு நியூட்ரான் அதிகம், அவ்வளவுதான். காற்றில் இருக்கும் நைட்ரஜனில் 0.37 விழுக்காடு ஏற்கெனவே இதுதான். பெரிய ஆள் ஒருவர் உடம்பில் எந்த ஆய்வும் செய்யாமலேயே சுமார் 7 கிராம் கனமான நைட்ரஜன் இருக்கும். உங்களிடமும் இருக்கிறது, கோப்பிக்கடை மணியிடமும் இருக்கிறது.

இதை முதலில் தாராளமாகத் தின்றவர் டேவிட் ஷெமின். 1940களில் நியூயார்க்கில், நைட்ரஜன்-15 போட்ட கிளைசினை மூன்று நாளில் 66 கிராம் சாப்பிட்டு, தன் ரத்தத்தைத் தானே எடுத்து எடுத்து அளந்து, சிவப்பணு ஏறக்குறைய நான்கு மாதம் வாழ்கிறது என்று கண்டுபிடித்தார். பிறகு பல வருடம் நன்றாக இருந்தார்.

இப்போது அளக்கும் விதம். ஆர்ஜினின் என்பது ஓர் அமினோ அமிலம். அதன் ஒரு முனையில் இரண்டு நைட்ரஜன் அக்கம்பக்கமாக இருக்கும். உடம்பில் இருக்கும் நொதி அந்த இரண்டில் ஒன்றைப் பிய்த்து, நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜனோடு சேர்த்து, நைட்ரிக் ஆக்சைடாக வெளியே விடும். மிச்சம் சிட்ருலின் என்ற இன்னோர் அமினோ அமிலம். ஆக, அந்த முனையில் கனமான நைட்ரஜன் வைத்துச் செய்த ஆர்ஜினினை ஒருவருக்கு ஊசி வழியாகவோ வாய் வழியாகவோ கொடுத்தால், பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடில் ஒரு பங்கு கனமாக இருக்கும். அது நைட்ரேட்டாகி, சிறுநீரில் வரும்போதும் கனமாகவே வரும்.

செம்பனைக்காரனுக்கு இது சட்டென்று புரியும். செம்பனைக் குலை வெட்டியவர் காம்பில் தன் நம்பரை எழுதிப் போடுகிறார் இல்லையா? சாலை ஓரத்து மேடையில் எல்லார் குலையும் கலந்து கிடந்தாலும், நம்பரைப் பார்த்து யாருடையது எத்தனை என்று கணக்கு எழுதும் கிராணி எண்ணிவிடுவார். நைட்ரஜன்-15 அந்த நம்பர். சாப்பாட்டிலிருந்து வந்த நைட்ரேட்டில் நம்பர் இருக்காது.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால் கணக்கைப் பாருங்கள். ஆரோக்கியமான பெரிய ஆள் உடம்பு ஒரு நாளைக்குச் செய்யும் நைட்ரேட் சுமார் ஒரு மில்லிமோல், அதாவது 60 மி.கி. சொச்சம். கீரை வகைகளில் கிலோவுக்கு 2000 மி.கி. நைட்ரேட் இருப்பது சர்வ சாதாரணம். 100 கிராம் கீரைக் கூட்டு சாப்பிட்டால் 200 மி.கி. உள்ளே போகிறது. உடம்பு மூன்று நாள் செய்வதை ஒரு வாய்ச் சோற்றோடு தின்றுவிடுகிறோம்! குறியிடாமல் வெறும் நைட்ரேட்டை அளந்தால், ரத்தக் குழாயைப் பற்றி ஒன்றும் தெரியாது, நேற்று என்ன குழம்பு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதனால் ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு முதலில் சில நாள் கீரை கிடையாது, உப்பிட்ட இறைச்சி கிடையாது, குடிக்கும் தண்ணீர்கூடப் பார்த்துத்தான். அப்புறம் குறியிட்ட ஆர்ஜினின். பிறகு ஒரு நாளோ ஒன்றரை நாளோ ஒரு சொட்டு விடாமல் சிறுநீரைப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் 24 மணி நேரச் சிறுநீர் கொடுத்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். மலாக்காவுக்கு உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போகும்போதுகூடப் பாட்டிலும் கூடவே வரும்.

அளவீட்டின் நுணுக்கம் எனக்குத் தெரிந்த பக்கம், அதனால் ஒரு வரி கூடச் சொல்கிறேன். நைட்ரேட்டை நேராக இயந்திரத்தில் போட முடியாது, ஆவியாகாது. பழைய முறையில் கந்தக அமிலம் சேர்த்து பென்சீனோடு வினைபுரிய வைத்து நைட்ரோபென்சீனாக மாற்றுவார்கள். அதன் எடை 123. கனமான நைட்ரஜன் இருந்தால் 124. இரண்டு உச்சத்தையும் ஒப்பிட்டால் விகிதம் வந்துவிடும். வந்துவிடுமா? இல்லை. அதில் ஆறு கார்பன் இருக்கிறது. கார்பனில் 1.1 விழுக்காடு இயற்கையிலேயே கனமான கார்பன்-13. அதனால் யாருக்கும் எதுவும் கொடுக்காமலேயே 124இல் ஏழு விழுக்காட்டுக்கு உச்சம் நிற்கும். நாம் தேடும் குறி சில சமயம் அதைவிடச் சின்னது. ஆய்வுக்கு முன்னால் எடுத்த சிறுநீரை வைத்துப் பின்னணியைக் கழிக்காவிட்டால் எல்லாம் குப்பை. நைட்ரஜன் வாயுவாகவே மாற்றி 28, 29 என்று பார்க்கும் இயந்திரங்கள் இதில் இன்னும் துல்லியம்.

கோப்பிக்கடை_மணி
செவ்வாய், இரவு 8:41

என்னிடமும் கனமான நைட்ரஜன் இருக்கிறது என்று பொதுவில் போட்டுவிட்டீர்கள். நாளைக்கே அதைக் குறைக்க ஒரு டின் வரும் பாருங்கள்.

கயல்_உயிர்வேதி
செவ்வாய், இரவு 11:05

அண்ணா, நான் மூன்றாம் ஆண்டு மாணவி, எங்கள் ஊர் தாப்பா. நீங்கள் சொன்னதில் ஓர் இடம் இடிக்கிறது. நொதி இருப்பது செல்லுக்குள்ளே. நாம் குறியிட்ட ஆர்ஜினினை விடுவது ரத்தத்தில். செல்லுக்குள் இருக்கும் ஆர்ஜினினும் ரத்தத்தில் இருப்பதும் ஒரே கலவை என்று எப்படி எடுத்துக்கொள்வது? செல்லில் புரதம் உடைந்து குறியில்லாத ஆர்ஜினின் வந்துகொண்டே இருக்குமே. சிட்ருலினையும் செல் திரும்ப ஆர்ஜினினாக்கிக்கொள்கிறது.

இன்னொன்று. நைட்ரேட்டுக்குப் பதில் குறியிட்ட சிட்ருலினை ரத்தத்தில் அளக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் கல்லீரல் அதே ஆர்ஜினின் முனையை வெட்டி யூரியாவாக்குகிறது. அந்த யூரியாவைக் குடல் பாக்டீரியா அம்மோனியாவாக்கினால், அது திரும்பக் கல்லீரலுக்குப் போய் யூரியா சுழற்சியில் சிட்ருலினுக்குள் ஏறிவிடும். நைட்ரிக் ஆக்சைடு உருவாகாமலேயே சிட்ருலின் கனமாகுமே?

மூணாம்_லயம்
புதன், மதியம் 1:10

தங்கச்சி, இந்தத் துறையில் சண்டை நடப்பதே இந்த இரண்டு இடத்தில்தான்.

1990களில் எம்.ஐ.டி.யில் காஸ்டில்யோவும் வெர்னன் யங்கும் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் குறியிட்ட ஆர்ஜினினை ஏற்றி, ரத்தத்தில் புரளும் ஆர்ஜினினில் எவ்வளவு நைட்ரிக் ஆக்சைடாகிறது என்று கணக்கிட்டார்கள். சுமார் ஒரு விழுக்காடு. மற்ற 99 பங்கு புரதத்துக்கும் யூரியாவுக்கும் வேறு வேலைக்கும் போகிறது. இவ்வளவு சின்னப் பங்கைப் பிடிக்கும்போது, நீ சொல்லும் யூரியா வழிக் கசிவுகூடக் கணக்கை ஆட்டிவிடும். அதனால் சோதனையைச் சில மணி நேரத்துக்குள் முடிப்பது, இரண்டு நைட்ரஜனையும் குறியிட்டு எந்த எடைக்காரன் எங்கே போகிறான் என்று தனித்தனியாகப் பார்ப்பது என்று பல வேலை செய்கிறார்கள். செல்லுக்குள் இருக்கும் கலவை பற்றிய கேள்விக்கு முழுத் தீர்வு இல்லை. செல்லில் குறி நீர்த்துப்போயிருந்தால், நாம் போடும் கணக்கு உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும். என் பார்வையில் ஆர்ஜினின் முறை ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிட நல்லது. தனி எண்ணைச் சட்டம் போட்டு மாட்ட நல்லதல்ல.

ஒப்பிட்டதற்கு நல்ல உதாரணம், 1997இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து வந்த ஃபோர்ட்டே குழுவின் ஆய்வு. பிரஷர் இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் குறியிட்ட ஆர்ஜினின் கொடுத்து, 36 மணி நேரச் சிறுநீரில் கனமான நைட்ரேட்டைப் பார்த்தார்கள். பிரஷர்க்காரர்களிடம் குறைவு. அடுத்த வருடம் அதே குழு, பெண்களிடம் ஆண்களைவிட அதிகம் என்று காட்டியது. லேப்_அக்கா சந்தோஷப்படலாம்.

ஆர்ஜினின் தகராறே வேண்டாம் என்று சுவீடனில் வென்மால்ம் குழு வேறு வழி போனது. நைட்ரிக் ஆக்சைடில் இருக்கும் ஆக்சிஜன் மூச்சுக்காற்றிலிருந்து வருகிறது இல்லையா? அப்படியென்றால் கனமான ஆக்சிஜனை, ஆக்சிஜன்-18ஐ, சுவாசிக்க வைத்து, நைட்ரேட்டில் அது எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கலாம். எந்தச் செல், எந்த ஆர்ஜினின் என்ற கேள்வியே எழாது. ஆனால் மூடிய குழாய்க்குள் மூச்சு விடவேண்டும், வாயு விலையும் கொஞ்சமல்ல.

நைட்ரேட்டைக் குறியிட்டு அதன் பாதையைப் பார்த்ததும் உண்டு. எம்.ஐ.டி.காரர்களே 1983இல் செய்தார்கள். விழுங்கிய குறியில் 60 விழுக்காடுதான் 48 மணி நேரத்தில் நைட்ரேட்டாகச் சிறுநீரில் வந்தது. கொஞ்சம் யூரியாவாகவும் அம்மோனியாவாகவும் மாறி வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எங்கே போனதென்றே கணக்கில் வரவில்லை. அதனால் சிறுநீர்க் கணக்கைப் படிக்கும்போது இந்த 60ஐ மறக்கக் கூடாது.

வாத்தியார்_ஓய்வு
புதன், மாலை 5:45

கயல், தாப்பாவிலிருந்து இப்படி ஒரு கேள்வி வருவதைப் பார்க்க மனசு நிறைகிறது அம்மா. மேலே படி.

செம்பனைக்காரன்
புதன், இரவு 9:12

எல்லாருக்கும் நன்றி. இரண்டு தடவை படித்தேன். சரி, நேரடியாகக் கேட்கிறேன். அப்பாவுக்கு இந்த ஐசோடோப்பு பரிசோதனையை எங்கேயாவது செய்ய முடியுமா? காசு கட்டியாவது? அப்பாவின் எண் என்ன என்று தெரிந்தால் மனசு ஆறும்.

மூணாம்_லயம்
வியாழன், காலை 6:50

செய்ய முடியாது தம்பி. எந்த ஆஸ்பத்திரி மெனுவிலும் இது இல்லை, ஆய்வுக்கு மட்டும்தான். ஆனால் அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. செய்தாலும் உன் கேள்விக்கு அந்த எண் பதில் சொல்லாது.

இந்த முறை அளப்பது முழு உடம்பின் மொத்தத்தை. ரத்தக் குழாயின் உள்சுவர், நரம்பு, வெள்ளணு, எல்லாம் சேர்ந்த கூட்டுத் தொகை. காய்ச்சல்காரர் கதையை நினைத்துப் பார். தொற்று வந்தால் வெள்ளணு கொட்டித் தீர்க்கும், எண் ஏறும். ரத்தத்தில் கிருமி பரவி ஐ.சி.யு.வில் கிடப்பவருக்கு எண் மிக உயரமாக இருக்கலாம், அங்கே குழாய் தளர்ந்து பிரஷர் விழுவதே ஆபத்து. சரி, அப்படியானால் அடைத்துவிடலாம் என்று நினைத்து, நைட்ரிக் ஆக்சைடை நிறுத்தும் மருந்தை அப்படிப்பட்ட நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து கொடுத்த பக்கம் இறப்பு கூடியதால் ஆய்வை நிறுத்தினார்கள், 2004இல் முடிவு வெளியானது. கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று மண்டபத்தில் சொல்வதுபோல் இது ஓடவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. டான்சானியாவில் மலேரியா வந்த குழந்தைகளைப் பார்த்து 1996இல் ஓர் ஆய்வு வந்தது. நோய் கடுமையாக இருந்த குழந்தைகளிடம் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி குறைவு. மலேரியாவில் லயம் லயமாக ஆள் இழந்த நம் தாத்தா பாட்டி காலத்தை நினைத்தால் எனக்கு இந்த ஆய்வைச் சும்மா கடந்துபோக முடிவதில்லை. அதிலும் சாப்பாட்டையும் கிட்னி வேலை செய்யும் அளவையும் கணக்கில் எடுத்த பிறகுதான் வித்தியாசம் சரியாகத் தெரிந்தது. கிட்னி மந்தமானால் நைட்ரேட் வெளியே போகாமல் ரத்தத்தில் தேங்கும், பார்ப்பவருக்கு உற்பத்தி அதிகம் போலத் தோன்றும்.

அப்பாவின் ரத்தக் குழாய் எப்படி இருக்கிறது என்பதற்கு வேறு சோதனை இருக்கிறது. 1989இல் லண்டனில் வாலன்ஸ் குழு, கையின் தமனிக்குள் நைட்ரிக் ஆக்சைடை நிறுத்தும் பொருளைச் சிறிதளவு விட்டபோது, முன்னங்கைக்குப் போகும் ரத்த ஓட்டம் பாதியாகிவிட்டது. குழாய் சும்மா இருக்கும்போதும் அந்த வாயு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டியது அது. இப்போது ஊசி இல்லாமல், கையில் பிரஷர் பார்க்கும் பட்டையை இறுக்கி ஐந்து நிமிடம் கழித்து அவிழ்த்து, தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். அதுவும் பெரும்பாலும் ஆய்வுக்குத்தான். அப்பாவுக்கு டாக்டர் பார்க்கும் பிரஷர், கொழுப்பு, சீனி, கிட்னி இவையே போதும்.

லேப்_அக்கா
வியாழன், காலை 10:20

அளப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், அந்த டின்னைப் பற்றி யாரும் பேசவில்லை. தம்பி, தயவுசெய்து கவனமாகப் படி.

அட்டாக் வந்தவர்களுக்கு ஆர்ஜினின் கொடுத்தால் நல்லதா என்று அமெரிக்காவில் முறையாகச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். 153 பேர். பாதிப் பேருக்கு ஒரு வேளைக்கு 3 கிராம் வீதம் மூன்று வேளை ஆர்ஜினின், மற்றவர்களுக்கு வெறும் பொடி, ஆறு மாதம். ரத்தக் குழாயின் விறைப்பு குறையவில்லை. ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், மற்ற பக்கம் ஒருவரும் இல்லை. புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அட்டாக்குக்குப் பிறகு ஆர்ஜினின் கொடுக்க வேண்டாம் என்று அந்த டாக்டர்களே எழுதினார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் பயனே இல்லாத ஒன்றுக்கு யார் அப்பாவைப் பணயம் வைப்பார்கள்?

இன்னொன்று, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. அதுவே உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறித்தான் வேலை செய்கிறது. அதோடு வயாகரா வகை மருந்து சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்கு இறங்கும். "நான் எங்கே அதைச் சாப்பிடுகிறேன்" என்பார். ஆண்மைக்கு என்று விற்கும் தோங்காட் அலி வேர்க் கோப்பி குடிப்பாரா என்று கேள். அந்த மாதிரி பாக்கெட்டுகளில் இந்த மருந்தைச் சொல்லாமல் கலந்திருக்கிறார்கள் என்று சுகாதார அமைச்சு அவ்வப்போது எச்சரிக்கை விடுகிறது. டின்னில் 'மால்' (MAL) என்று தொடங்கும் அமைச்சின் பதிவு எண்ணும் ஒட்டு முத்திரையும் இருக்கிறதா என்றும் பார்.

ஆரோக்கியம்_அறுபது
வியாழன், மதியம் 2:33

எங்கள் பொருளில் ஆர்ஜினின் அளவு அவ்வளவு இல்லை. சிட்ருலினும் இருக்கிறது, அது தர்பூசணியில் இருப்பது, முழுக்க இயற்கை. ஆயிரம் பேர் குடித்து நன்றாக இருக்கிறார்கள். பயமுறுத்தி என்ன பயன்?

கயல்_உயிர்வேதி
வியாழன், மதியம் 3:05

அளவு எவ்வளவு என்று டின்னில் போட்டிருக்கிறீர்களா ஐயா? ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம்? அதைச் சொன்னால் பேசலாம்.

கோப்பிக்கடை_மணி
வெள்ளி, இரவு 7:50

ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது, கரண்டிக் கணக்கு இன்னும் வரவில்லை.

செம்பனைக்காரன்
சனி, இரவு 8:15

டின்னைப் பார்த்தேன். 'மால்' எண் இல்லை, கரண்டிக்கு எத்தனை கிராம் என்றும் இல்லை. அப்பாவிடம் ஆய்வு, கிராம் என்று பேசினால் எடுபடாது என்று தெரியும். அதனால் லேப் அக்கா சொன்னபடி ஒரு வேலை செய்தேன். மண்டபத்தில் கொடுத்த பட்டையில் ஒரு பாக்கெட் மிச்சம் இருந்தது. காலையில் கொப்பளிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா மத்தியானம் பாயாம் கூட்டு வைத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பட்டையை நாக்கில் வைத்தார், நன்றாகச் சிவந்துவிட்டது. அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று டின்னோடும் கிளம்பிவிட்டார். விற்றவர் இரண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம், ஒன்றின் மூடி நசுங்கியிருக்கிறது என்று தட்டிவிட்டார். அந்த ஒன்றை அடுத்த முறை கிளினிக் போகும்போது மருந்தாளரிடம் காட்டப்போகிறேன்.

தோங்காட் அலி கோப்பி பற்றிக் கேட்டேன். அம்மாவைப் பார்த்துவிட்டு, பேச்சை மாற்றிவிட்டார். அதையும் டாக்டரிடம் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. கீரை, பீட்ரூட் எல்லாம் அப்பா சாப்பிடலாமா? நைட்ரேட் என்றவுடன் அம்மா பயப்படுகிறார்கள்.

லேப்_அக்கா
சனி, இரவு 8:40

தாராளமாகச் சாப்பிடலாம், நல்லதுதான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறார் என்றால் மட்டும், ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடக் கூடாது, கீரையின் அளவு ஒரே சீராக இருக்க வேண்டும். கிட்னியில் பிரச்சினை இருந்தால் பொட்டாசியத்துக்காக டாக்டரைக் கேட்டுக்கொள். அந்த வாய் கொப்பளிக்கும் மருந்தைத் தினமும் யார் எழுதிக் கொடுத்தார்கள் என்றும் பல் டாக்டரிடம் கேட்டுப் பார்.